ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் புரிந்துகொள்ள: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு எனப் பல ஊர்களிலிருந்து பிள்ளைகளைத் தெரபிக்கு அழைத்து வரும் தாய் தகப்பன்மாரோடு சிறப்பாசிரியராகப் பழகி வருகிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைக்குச் செருப்பு மாட்டிவிடும் நேரத்தில் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி விடைகளைத் தொகுத்திருக்கிறேன். ஆட்டிசம் என்பது, பிறரோடு பழகும் விதமும் பேசும் விதமும் ஒலி, தொடுதல் போன்றவற்றை உணரும் விதமும் சிறு வயது முதலே வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை. மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியவற்றுக்கு இந்தத் தொகுப்பு ஈடாகாது.

ரெண்டரை வயசாகுது, இன்னும் பேசல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம். காத்திருக்கலாமா?

பேச்சு மட்டும் தாமதமாகும் பிள்ளை வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். வானத்தில் விமானம் போனால் தான் பார்ப்பதோடு நில்லாமல், நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இவை குறைவாக இருந்தாலோ, வந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. 16 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கு எம்-சாட் என்ற கேள்விப்பட்டியல் உண்டு. அது ஆட்டிசம் என்று முடிவு சொல்வதில்லை, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமா என்பதை மட்டும் காட்டும். காது கேட்கும் பரிசோதனையையும் உடனே செய்துவிட வேண்டும்.

அங்கன்வாடிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடமே முதலில் சொல்லலாம். 2013ஆம் ஆண்டு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் அந்தக் குழுவினர், வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளை மேற்சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது; பாகாயத்தில் உள்ள அதன் மனநல மையத்தில் பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு பயிற்சி அளிக்கிறார்கள்.

நான் சரியா வளர்க்கலன்னு மாமியார் சொல்றாங்க. போன் குடுத்ததாலதான் வந்துதா?

இல்லை. 1943ஆம் ஆண்டு லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளை விவரித்து ஆட்டிசத்தைத் தனி நிலையாக அடையாளம் காட்டினார். அதன்பின் பல ஆண்டுகள், தாயின் அன்புக் குறைவே காரணம் என்று புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பேசி எண்ணற்ற தாய்மாரைக் குற்றவாளிகளாக நிறுத்தினார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அந்தக் கருத்தை ஆதாரத்தோடு மறுத்தார். மரபணுக்களின் பங்கே பெரிது என்பதை இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் பின்னர் காட்டின. தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் வெளிவந்த கட்டுரையும் 2010இல் வெளியிட்ட இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது.

போன் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேச வேண்டிய நேரத்தை அது எடுத்துக்கொள்வதால் குறைப்பது நல்லது. மாமியாரை அடுத்த முறை மருத்துவரிடம் உடன் அழைத்து வாருங்கள். மருமகள் வாயால் கேட்டால் நம்பாததை மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள்.

இவனுக்கு எங்க மேல பாசமே இல்லியா? கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான்.

பாசம் இருக்கிறது. பெற்றோரோடு பிள்ளை கொள்ளும் பிணைப்பை அளந்த ஆய்வுகளில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுதியான பிணைப்போடு இருப்பது தெரியவந்திருக்கிறது. அது வெளிப்படும் விதம்தான் வேறு. கட்டிப்பிடிக்காத பிள்ளை, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது தன் பாதத்தை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். முகத்தைப் பார்க்காத பிள்ளை, உங்கள் பழைய சேலையை முகர்ந்துகொண்டு தூங்கும்.

ஆட்டிசம் உள்ளவரும் சமூகவியலாளருமான டேமியன் மில்டன் 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவர் பிறரைப் புரிந்துகொள்ளத் திணறுவதைப் போலவே பிறரும் அவரைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள், ஆகவே குறை இரு பக்கமும் உண்டு என்பது அதன் சாரம். பெற்றோர் செய்யக்கூடிய வேலை அனைத்தும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

எல்லாரும் "பிள்ளைய புரிஞ்சிக்கோங்க"ன்னு சொல்றாங்க. என்னத்தப் புரிஞ்சிக்கிறது, எப்பிடி?

ஒரு செய்கையைப் பார்த்தவுடன் அதை நிறுத்துவது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், அந்த நேரத்தில் பிள்ளை எதைப் பார்த்தான், எதைக் கேட்டான், அவன் உடம்புக்கு என்ன இருந்தது என்று கேட்பதே புரிந்துகொள்வது. இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓப்பன்ஹைம், நீனா கோரன்-காரி ஆகியோர், பிள்ளை விளையாடும் சிறிய வீடியோவைத் தாய்க்குப் போட்டுக் காட்டி, "இப்போது பிள்ளையின் மனத்தில் என்ன ஓடுகிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பிள்ளையின் பக்கம் நின்று காரணம் தேடியவர்களும், வீடியோவில் புதிதாக ஒன்று கண்ணில் பட்டபோது தங்கள் முந்தைய எண்ணத்தை மாற்றிக்கொண்டவர்களுமான தாய்மாரின் பிள்ளைகளிடம் உறுதியான பிணைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அந்தப் பிள்ளைகளும் ஆட்டிசம் உள்ளவர்களே.

குடியாத்தம் பக்கத்தில் தறி ஓடும் ஒரு வீட்டில், கரண்டு போகும்போதெல்லாம் நான்கு வயதுப் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். இருட்டுக்குப் பயப்படுகிறான் என்று எண்ணிய தாய், எமர்ஜென்சி விளக்கு வாங்கி வைத்தார், அலறல் நிற்கவில்லை. பட்டப்பகலில் கரண்டு போனபோதும் அவன் அலறியதைத் தகப்பன்தான் கவனித்தார். பிறந்தது முதல் கேட்டு வந்த தறிச் சத்தம் திடீரென்று நின்றதுதான் அவனைக் கலக்கியது. அதன் பிறகு கரண்டு போனால் தகப்பன் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பலகையில் அதே தாளத்தில் தட்டுவார். சிறிது நேரத்தில் அவனும் சேர்ந்து தட்டத் தொடங்கினான். தாய் ஒன்றைப் பார்த்தார், தகப்பன் வேறொன்றைப் பார்த்தார்; இரண்டையும் சேர்த்து வைத்தபோது விடை கிடைத்தது. நீங்களும் போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து, இருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு, பிள்ளை என்ன நினைத்திருப்பான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள்.

வாரம் மூணு நாள் தெரபிக்கு வர வசதியில்ல, பஸ்சு செலவே கட்டல. வீட்டுலயே செய்ய முடியுமா?

முடியும். அதுவும் அரைகுறையான மாற்று வழி அல்ல. மைக்கேல் சில்லர், மரியான் சிக்மன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை எதைக் கவனிக்கிறதோ அதைப் பற்றியே பேசியும் அதிலேயே கலந்தும் விளையாடிய பெற்றோரின் பிள்ளைகள் 1, 10, 16 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் மொழியில் கூடுதல் வளர்ச்சி பெற்றிருந்தார்கள். பெற்றோர் வழியாகவே செய்யும் பயிற்சியை நம் நாட்டில் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும், வல்லுநர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்திப் பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளைக்கு ஈடுகொடுத்துப் பழகும் விதம் அதனால் மேம்பட்டதாக 2016இல் முடிவு வெளியானது.

செய்முறை எளியது, பொறுமைதான் அதிகம் வேண்டும். பிள்ளை குழாயில் விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இங்கே வா, ஏ பி சி டி சொல்லு" என்று இழுக்காமல் பக்கத்தில் அவன் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். "தண்ணி" என்று ஒரு சொல் சொல்லுங்கள். குழாயை மூடிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்தில் அவன் உங்கள் கையைத் தொடலாம், ஒரு சத்தம் எழுப்பலாம், ஓரக்கண்ணால் பார்க்கலாம். எது வந்தாலும் அதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே குழாயைத் திறந்து "தண்ணி ஊத்துது" என்று சொல்லுங்கள். குளிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பட்டாணி உரிக்கும்போதும் இதையே செய்யலாம். "இது என்ன? இது என்ன கலர்?" என்று தேர்வு வைப்பதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

"சாப்பிடறியா"ன்னு கேட்டா "சாப்பிடறியா"ன்னே திருப்பிச் சொல்றான். கிண்டல் பண்றானா?

கிண்டல் இல்லை. கேட்ட வாக்கியத்தை முழுத்துண்டாக எடுத்துப் பயன்படுத்துவது மொழி கற்கும் வழிகளில் ஒன்று. பசிக்கும்போது அவனாகவே வந்து "சாப்பிடறியா" என்று சொன்னால், அது "எனக்குப் பசிக்கிறது" என்பதாகும். தட்டை வைத்துக்கொண்டு "சோறு வேணும்" என்று அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுல தெலுங்கு, தெருவுல தமிழு, ஸ்கூல்ல இங்கிலீசு. ஒண்ணை நிறுத்திடணுமா?

பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கங்களில் தெலுங்கையும் உருதுவையும் சேர்த்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. நீங்கள் தயங்காமல் கொஞ்சவும் பாடவும் முடிகிற மொழி எதுவோ அதில் பேசுங்கள். சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய தாய், நாளடைவில் பிள்ளையிடம் கட்டளை மட்டுமே சொல்பவராக மாறிவிடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

வெறுஞ்சோறு, அப்பளம், பிஸ்கட்டு தவிர எதையும் தொட மாட்டேங்கிறா. முள்ளு கத்திரிக்கா கொத்சு வச்சா தட்டயே தள்ளிடறா.

மசித்த கத்தரிக்காயில் வழுவழுப்பும் விதையும் தோலும் ஒரே வாயில் வந்து சேருகின்றன; ஒவ்வொரு கவளமும் வேறு மாதிரி இருக்கும். அப்பளமும் பிஸ்கட்டும் எப்போதும் ஒரே மாதிரி நொறுங்கும். அவள் தேர்ந்தெடுப்பது அந்த மாறாத தன்மையைத்தான். பிரியாணியில் கறியையும் தொக்கையும் ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் உண்ணும் பிள்ளைக்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

வாயில் திணிக்காதீர்கள். அவள் உண்ணும் பொருளுக்கு மிக நெருக்கமானதைத் தட்டின் ஓரத்தில் சிறிதளவு வையுங்கள். மொறுமொறுப்பு பிடித்தால் கத்தரிக்காயையே மெல்லிசாக நறுக்கி வறுத்து வைக்கலாம். தொடுவது, முகர்வது, நாக்கில் வைப்பது என்று படிப்படியாக வரட்டும். எடை குறைந்தாலும் உணவு வகை மேலும் மேலும் சுருங்கினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

லாங்கு பஜாருக்குக் கூட்டிட்டுப் போனா கீழ விழுந்து உருண்டு கத்துறா. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. அடம்தானே இது?

அடம் பிடிக்கும் பிள்ளை அழுகைக்கு நடுவே உங்கள் முகத்தைப் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிற்கும். தாங்க முடியாமல் நிலைகுலைந்த பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. கத்திரி வெயில், ஆட்டோ ஹாரன், மீன் வாடை, தோளில் இடித்துப் போகும் கூட்டம் எல்லாம் ஒன்றாக வந்து சேரும் இடம் அது. நாம் வடிகட்டிவிடும் சத்தங்களை அவளால் வடிகட்ட முடிவதில்லை.

அந்த நேரத்தில் பேச்சைக் குறையுங்கள். அறிவுரை, சமாதானம், மிரட்டல் எல்லாமே கூடுதல் சத்தம்தான். நிழலான சந்துக்குத் தூக்கிச் சென்று, அவளுக்கு இறுக்கமாக அணைப்பது பிடிக்குமானால் அணைத்துக்கொண்டு, பிடிக்காதென்றால் அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள். நின்று பார்ப்பவர்களிடம் "பிள்ளைக்கு ஆட்டிசம், கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்கு மேல் யாருக்கும் நீங்கள் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தபின், விழுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னிருந்து என்னென்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். சில முறை எழுதினால் காரணம் தென்படத் தொடங்கும். அடுத்த முறை அவள் காதைத் தேய்க்கத் தொடங்கும்போதே திரும்பிவிடுவீர்கள்.

அடிச்சாத்தான் அடங்குவான்னு வீட்டுல பெரியவங்க சொல்றாங்க.

மேலே சொன்னதைப் பாருங்கள். தாங்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கு அடியும் ஒரு தாக்குதலாகவே சேரும். அடங்குவது பயத்தால், அந்தப் பயம், உங்களிடம் வந்து உதவி கேட்கும் பழக்கத்தையே நிறுத்திவிடும்.

அவரு ஆட்டிசம்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாதுங்கிறாரு. "எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல"ன்னு தெனமும் சண்டை.

ராபர்ட் மார்வின், ராபர்ட் பியான்டா என்ற ஆய்வாளர்கள், பிள்ளையின் குறைபாட்டை முதன்முதலில் கேட்டபோது என்ன உணர்ந்தீர்கள், இப்போது அது மாறியிருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். சிலர் அந்தத் துயரத்தைத் தாங்கி இன்றைய பிள்ளையைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். சிலர் கோபத்திலோ, மறுப்பிலோ, காரணம் தேடுவதிலோ நின்றிருந்தார்கள். மறுப்பு என்பது அன்பில்லாமை அல்ல. பல நேரங்களில் அது வேறு வழி தெரியாத அன்பு. தாய் பகலெல்லாம் பிள்ளையோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிவிடுகிறார்; பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வாரம் ஒருமுறை வரும் தகப்பனுக்கு அந்தக் கால அவகாசம் கிடைப்பதில்லை.

ஆகவே பெயரைப் பற்றிச் சண்டையிடாதீர்கள். பிள்ளையோடு செய்ய வேண்டிய ஒரு வேலையை முழுமையாக அவரிடம் விடுங்கள்: ஞாயிற்றுக்கிழமைக் குளியல், வண்டியில் ஒரு சுற்று, இரவு தூங்க வைப்பது என எதுவாகவும் இருக்கலாம். அவர் செய்யும் விதம் உங்களுடையதைப் போல இல்லையென்று பக்கத்தில் நின்று திருத்த வேண்டாம். "இன்னிக்கு என்ன பண்ணினான்?" என்று மட்டும் கேளுங்கள். தறி வீட்டுத் தகப்பனைப் போல, அவர் பார்த்துச் சொல்வது உங்களுக்குத் தெரியாததாக இருக்கக்கூடும்.

கெங்கையம்மன் திருவிழாவுக்குப் போகாம இருக்க முடியாது, சொந்தமெல்லாம் வருவாங்க. இவன எப்பிடிக் கூட்டிட்டுப் போறது?

வைகாசியில் சிரசு ஊர்வலம் போகும் நாளில் குடியாத்தத்தின் கூட்டமும் மேளமும் பெரியவர்களுக்கே தாங்காது. முந்தைய நாள்களில் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கோயிலைக் காட்டிவிடுங்கள். அன்றைக்கு ஊர்வலம் போகும் தெருவில் நிற்காமல் உறவினர் வீட்டு மாடியிலிருந்து பார்க்கலாம்; காதை மூடும் ஹெட்போன் வைத்துக்கொள்ளலாம். யார் அவனோடு திரும்பி வருவது என்பதை முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அவன் ஆயாவோடு வீட்டிலேயே இருந்தாலும் அம்மனுக்குக் குறை ஒன்றுமில்லை.

நல்லாத்தான் இருந்தான். ஒரு வாரமா செவுத்துல தலைய இடிச்சிக்கிறான். மருந்து மாத்தணுமா?

முதலில் வலியைத் தேடுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளையின் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வயதுக்கு வந்த பெண்ணின் மாதவிலக்கு வலி ஆகியவை இப்படித்தான் வெளிவரும். திடீரென்று வந்த மாற்றம் என்பதே பெரிய துப்பு. குழந்தை மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் காட்டிவிட்டுத்தான் அதைப் பழக்கம் என்று சொல்ல வேண்டும். கண் நிலைகுத்துவது, கை கால் வெட்டி இழுப்பது போன்றவை இருந்தால் உடனே செல்லுங்கள், ஏனெனில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆட்டிசத்தையே நீக்கும் மருந்து கிடையாது. ரிஸ்பெரிடோன் போன்றவை கடுமையான எரிச்சலையும் ஆவேசத்தையும் குறைக்க மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுபவை.

கதவு தெறந்திருந்தா ஓடிடறான். எங்க போறான்னே தெரியல.

ஓடும் பிள்ளைகளில் பலர் தண்ணீரை நோக்கித்தான் ஓடுகிறார்கள், ஆகவே இதில் அலட்சியம் வேண்டாம். வீட்டைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறு, ஏரி, மழைக்காலத்தில் பாலாறு எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்து வைத்துக்கொண்டு, பிள்ளையைக் காணவில்லையென்றால் முதலில் அங்கே ஆள் அனுப்புங்கள். கைக்கெட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் எண்ணைத் தையுங்கள். டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். நீச்சல் கற்றுக்கொடுப்பது நல்ல பாதுகாப்பு. எதை நோக்கி ஓடுகிறான், எதிலிருந்து ஓடுகிறான் என்பதையும், கடைத்தெருக் கேள்வியில் சொன்னபடி, எழுதிப் பாருங்கள்.

ஒட்டகப்பால், ஸ்டெம் செல்னு லட்சக்கணக்குல கேக்குறாங்க. நகைய வித்தாவது செய்யலாமா?

செய்யாதீர்கள். ஒட்டகப்பால், கோதுமையும் பாலும் நீக்கிய உணவு ஆகியவற்றால் ஆட்டிசம் மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஸ்டெம் செல் என்ற குருத்தணுச் சிகிச்சைக்கும் இல்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்தானது. கோயிலிலோ தர்காவிலோ மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வது உங்கள் மனத்துக்குத் தெம்பு தருமானால் நான் தடுக்க மாட்டேன். அதற்காக வகுப்பையும் மருந்தையும் நிறுத்தாதிருந்தால் போதும்.

"இந்தப் பையன எங்களால பாக்க முடியாது, வேற ஸ்கூல் பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. ஆகவே மருத்துவச் சான்றையும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையையும் முதலில் வாங்குங்கள். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் பேசினால் அவர் பள்ளிக்கு வந்து வகுப்பாசிரியருக்கு உதவ முடியும்.

உரிமையைச் சொல்வதோடு ஒரு தாளையும் ஆசிரியரிடம் கொடுங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எது தாங்காது, காதைத் தேய்த்தால் என்ன பொருள், எப்படி அமைதியாவான் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அறுபது கண்கள் பார்க்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு, நீண்ட மருத்துவ அறிக்கையைவிட அந்த ஒரு பக்கம் உதவும்.

எங்களுக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா?

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது நிறைந்த, தன் காரியங்களைத் தானே முடிவு செய்ய இயலாத ஆட்டிசம் உள்ளவருக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் செல்ல வேண்டும். அதே சட்டத்தின் கீழுள்ள நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஓராண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை செலவை ஈடுசெய்கிறார்கள். தானே முடிவெடுக்கக்கூடிய பிள்ளைக்குப் பாதுகாவலர் தேவையில்லை. அவனுக்கு வேண்டியது உதவிக்கு ஆள்.

அந்தப் பொறுப்பைக் கூடப் பிறந்தவர்கள் தலையில் கேட்காமலே வைத்துவிடாதீர்கள். அவர்கள் வளர்ந்தபின் உட்கார வைத்துப் பேசி, தங்களால் முடியும் என்று அவர்கள் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளிக்குக் கொடுத்த ஒரு பக்கத் தாளை ஒரு நோட்டாக வளருங்கள்: மருந்தின் பெயரும் அளவும், வலிப்பு வந்த நாள்கள், எந்தச் சத்தம் ஆகாது, நகம் வெட்டும்போது எந்தக் கையில் தொடங்க வேண்டும், "சாப்பிடறியா" என்றால் என்ன பொருள் என்பவை அதில் இருக்க வேண்டும். தாயும் தகப்பனும் தனித்தனிக் கையெழுத்தில் எழுதலாம். ஆண்டுக்கொருமுறை திருத்தி, ஒரு நகலைப் பாதுகாவலராக வரப்போகிறவரிடமும் இன்னொன்றை ரேஷன் கார்டும் அடையாள அட்டையும் வைத்திருக்கும் பையிலும் வையுங்கள்.